டயர் மாற்றியபின் ஸ்போர்ட்ஸ் காருக்கு எவ்வளவு காற்று? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நாகர்கோவிலில் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும்) பட்டறை வைத்திருக்கிறேன். புது டயர் போட்ட ஒரு வாரத்துக்குள் "அண்ணாச்சி, டயரே சரியில்ல, பழசே எவ்வளவோ மேல்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் பலர். அவர்களில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் குறைவுதான் என்றாலும், அந்தக் கார்களில்தான் இரண்டு பி.எஸ்.ஐ. (டயர்க் காற்றழுத்தத்தின் அலகு; கீழே வரும் காற்று எண்கள் எல்லாம் இதில்தான்) வேறுபாடுகூட ஓட்டுபவரின் கைக்கும் முதுகுக்கும் உடனே தெரிந்துவிடுகிறது. அப்படி வந்த கார்களில் பெரும்பாலானவற்றில் டயர் நன்றாகவே இருந்தது. காற்றுதான் தப்பாக இருந்தது. எனவே டயரைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடையில் வாதாடுவதற்கும், அலைன்மென்டுக்குப் பணம் கட்டுவதற்கும் முன்னால், கீழே உள்ள வரிசையில் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலிலும், செலவு வைக்கக்கூடியது கடைசியிலும் வருகிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அட்டவணையைப் படியுங்கள். சில ஜெர்மன் கார்களில் அது பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். "எல்லாக் காருக்கும் 32, 33 அடித்தால் போதும்" என்ற நம் ஊர் வழக்கம் இந்தக் கார்களுக்குப் பொருந்தாது. முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்.-5 காருக்கு நான்கு சக்கரத்திலும் 26 மட்டுமே. 986 வகை போர்ஷே பாக்ஸ்டருக்கு முன்னால் 29, பின்னால் 36. எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும் 996 வகை 911 காருக்கு, 18 அங்குலச் சக்கரத்தில் முன்னால் 36, பின்னால் 44. நான்கிலும் 33 அடித்துவிட்டால் முதல் காருக்கு 7 அதிகம். மூன்றாவதன் பின்சக்கரத்துக்கு 11 குறைவு.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அழுத்த எண்ணைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் காருக்கு வேண்டிய அளவன்று. வேண்டிய அளவைத் தீர்மானிப்பது காரின் எடை. அதனால்தான் டயரின் நிறுவனத்தை மாற்றினாலும், அளவை மாற்றாதவரை, அட்டவணை எண்ணே தொடக்கப் புள்ளியாக நிற்கிறது.

டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே அளக்க வேண்டும். அதாவது கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. பங்க் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள்: காலையில் வீட்டு வாசலிலேயே உங்கள் சொந்த கேஜில் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) அளந்து, எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வேண்டியது 29, இருப்பது 26 என்றால் குறைவு 3. பங்குக்குப் போய்ச் சேரும்போது சூட்டில் அது 28 காட்டும். ஒன்று போதும் என்று நினைத்துவிடாமல், காட்டுகிற எண்ணோடு 3 சேர்த்து 31 வரை அடியுங்கள். மறுநாள் காலை வாசலில் 29 இருக்கும்.

நிற்கும் இடமும் கணக்கில் வரும். காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் டயரில் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். கன்னியாகுமரிக் கடற்கரையில் இடப்பக்கச் சக்கரங்கள் வெயிலிலும் வலப்பக்கம் நிழலிலும் நின்ற காரை அளந்தால், இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. அதைப் பார்த்து ஒரு பக்கம் காற்றை இறக்கிவிடுபவர்கள், மாலையில் "வண்டி இழுக்குது" என்று வருவார்கள்.

கேஜ் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முறை பங்கிலிருந்து நேராக வந்த காரை என் கேஜில் பார்த்தபோது, 32 என்று அடித்து அனுப்பிய சக்கரத்தில் முள் 36-ஐத் தாண்டி நின்றது. இரண்டு கேஜையும் ஒரே வால்வில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். வேறுபாடு அப்படியே இருந்தது. எது சரி என்பதைவிட, ஒரே கேஜைத் தொடர்ந்து பயன்படுத்துவதுதான் இங்கே முக்கியம். சொந்தமாக ஒன்று வாங்கிக் காரிலேயே வையுங்கள். நைட்ரஜன் அடித்திருந்தாலும் எண் மாறாது. நைட்ரஜனும் சூட்டில் ஏறும், வால்வு கசிந்தால் இறங்கும்.

இனி, பழைய டயரின் அளவும் புதியதன் அளவும் ஒன்றுதானா என்று பாருங்கள். அளவு அதுவேதான், ஆனால் பக்கவாட்டில் 'எக்ஸ்.எல்.' என்று இருக்கிறது என்றால், அது கூடுதல் எடை தாங்கும் டயர். அந்தக் கூடுதல் வலு கூடுதல் காற்றில்தான் கிடைக்கும். "கெட்டியான டயர்தானே" என்று அட்டவணைக்குக் கீழே இறக்காதீர்கள். அட்டவணை எண்ணிலோ, அதற்கு ஒன்றிரண்டு மேலேயோ தொடங்குங்கள். டயர் அளவை அடுத்துப் பொறித்திருக்கும் சுமை எண்ணும் பழையதற்குக் குறையக் கூடாது: 84 என்றால் ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ, 88 என்றால் 560, 91 என்றால் 615. குறைவான எண்ணுள்ள டயரைப் போட்டுவிட்டுக் காற்றால் அதை ஈடுகட்ட முடியாது. அந்த நிலையில் மேற்கொண்டு படிக்க வேண்டாம், டயரைத் திருப்பிக் கொடுங்கள்.

அறிகுறி 1: புது டயர் போட்டதிலிருந்து வண்டி கட்டை வண்டிபோல் அடிக்கிறது

மிகச் சாதாரணமான காரணம், டயரை ரிம்மில் உட்காரவைக்க ஏற்றிய காற்றை இறக்காமல் விட்டிருப்பது. டயரின் விளிம்பு 'டப்' என்ற ஓசையுடன் ரிம்மில் ஏறி உட்கார 40-ஐ ஒட்டி ஏற்றுவது வழக்கம். வேலை மும்முரத்தில் அப்படியே மூடி போட்டு அனுப்பிவிடுவார்கள். காலையில் அளந்து, அட்டவணைக்கு இறக்குங்கள். அநேகமாக இங்கேயே தீர்ந்துவிடும்.

*எண் சரியாக இருந்தும் அடித்தால்:* பழையது சாதாரண டயர், புதியது ரன்ஃபிளாட் என்பது போன்ற மாற்றம் நடந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றில்லாமலும் ஓடுவதற்காக ரன்ஃபிளாட்டின் பக்கவாட்டு தடித்தே இருக்கும். அதை மென்மையாக்கக் காற்றைக் குறைப்பது தவறு.

*ஒரே ஒரு சக்கரம் மட்டும் அடித்தால்:* அந்த மூலையின் சஸ்பென்ஷன் புஷ்ஷையும் ஷாக் அப்சார்பரையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய டயர் தேய்ந்து மெத்தென்று ஆனபோது மறைந்திருந்த தட்டல், புது டயரில் வெளியே கேட்கும்.

அறிகுறி 2: ஸ்டீயரிங் மந்தமாக, குழைவாக இருக்கிறது

முதலில் முன்சக்கரக் காற்று குறைவா என்று பாருங்கள். அடுத்தது, முன்பின் எண்கள் இடம் மாறியிருப்பது. முன்னால் 29, பின்னால் 36 வேண்டிய காரில் தலைகீழாக அடித்திருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். சாதாரணக் கார்களையே நாள் முழுக்கப் பார்க்கும் கைக்கு, எஞ்சின் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றாது.

*இரண்டும் சரியென்றால்:* கொஞ்சம் பொறுங்கள். தேய்ந்து 2 மில்லிமீட்டரில் இருந்த பழைய டயரிலிருந்து 7, 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள புது டயருக்கு வந்திருக்கிறீர்கள். அந்த ரப்பர்க் கட்டைகள் வளைந்து கொடுக்கத்தான் செய்யும். டயரை வார்க்கும் அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய வழவழப்பும் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் வரை மேற்பரப்பில் இருக்கும். ரிம்மில் ஏற்றத் தடவிய சோப்பு காய முதல் நாள் முழுக்க ஆகும். அதற்குள் கடுமையாக முடுக்கினாலோ பிரேக் பிடித்தாலோ டயர் ரிம்மின் மேல் நகர்ந்து பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) கெட்டுவிடும். வழவழப்பு போகும் தூரம் வரை அட்டவணை எண்ணில் நிதானமாக ஓட்டிவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.

*அதன்பிறகும் குழைந்தால்:* முன்னும் பின்னும் 2 ஏற்றி, ஒரு வாரம் அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். ரன்ஃபிளாட்டிலிருந்து சாதாரண டயருக்கு மாறியவர்களுக்கு இந்த 2 பெரும்பாலும் போதும். ஏற்றி ஏற்றி 5, 6 வரை போகாதீர்கள். அப்போது உணர்வு கூர்மையாகும், ஆனால் தரையைத் தொடும் பரப்பு குறையும். மழையில் அதன் விலை தெரியும்.

அறிகுறி 3: ஒரு பக்கம் இழுக்கிறது

நம் மாவட்டத்தில் இந்த முறையீட்டைக் கேட்டவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தச் சாலையில் என்பதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடி மாதக் காற்றில் ஓட்டிவிட்டு வந்து, டயர் இழுக்கிறது என்பார்கள். காற்றாலைகள் வரிசையாக நிற்கும் முப்பந்தலில் தாழ்வான காரைக்கூடக் காற்று தள்ளும். போகும்போது ஒரு பக்கமும் திரும்பும்போது மறுபக்கமும் தள்ளினால் அது காற்றின் வேலை. எப்போதும் இடப்பக்கமே மெல்லச் சாய்ந்தால், மழைநீர் வடியச் சாலையின் ஓரம் தாழ்ந்திருப்பதும் காரணமாகலாம். சாய்வில்லாத சமமான சாலையில் சிறிது தூரம் ஓட்டினால் தெரிந்துவிடும்.

*எந்தச் சாலையிலும் ஒரே பக்கம் இழுத்தால்:* ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களையும் காலையில் அளந்து சமமாக்குங்கள். 3, 4 குறைந்த பக்கத்தை நோக்கி வண்டி போவது இயல்பு.

*காற்று சமமாக இருந்தும் இழுத்தால்:* டயரில் 'அவுட்சைடு' என்ற எழுத்து வெளிப்புறம் தெரிகிறதா, சுழற்சி அம்பு முன்னோக்கி இருக்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து பாருங்கள். தவறாக மாட்டியிருந்தால் மாட்டிய கடையே சரிசெய்ய வேண்டும். அதுவும் சரியென்றால், சுழற்சி அம்பு இல்லாத டயர்களில், முன்சக்கரம் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுவை பக்கம் மாறினால் குறை டயரில். மாறாவிட்டால் அலைன்மென்டில், அல்லது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கில். ஓட்டிவிட்டு நின்றதும் ஒரு சக்கரத்தருகே மட்டும் அனல் அடித்தால் பிரேக்தான்; அன்றே மெக்கானிக்கிடம் போங்கள்.

அறிகுறி 4: வளைவில் முன்பக்கம் வெளியே ஓடுகிறது, அல்லது பின்பக்கம் வழுக்குகிறது

இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் ரப்பர்த் தோட்டச் சாலையில், இலை உதிர்ந்து நனைந்த வளைவில், எந்த அழுத்தமும் உங்களைக் காப்பாற்றாது. உலர்ந்த, பழகிய சாலையில், வழக்கமான வேகத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்பதே கேள்வி.

சோதனைக்கு ஒரு சுண்ணாம்புக்கட்டி போதும். டயரின் தோள்பகுதியில், தரையைத் தொடும் பரப்பு முடிந்து பக்கவாட்டு தொடங்கும் இடத்தின் குறுக்கே, விரல் நீளத்துக்கு மூன்று நான்கு கோடுகள் போடுங்கள். பல டயர்களில் அந்த எல்லையைக் காட்ட ஒரு சிறு முக்கோணம் பொறித்திருக்கும். வளைவுகள் உள்ள சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு முக்கோணத்தின் முனை வரை அழிந்திருந்தால் சரி. முக்கோணத்தையும் தாண்டிப் பக்கவாட்டு எழுத்து வரை அழிந்திருந்தால் டயர் மடிகிறது: அந்த அச்சில் 2 ஏற்றுங்கள். தோளின் மேற்பகுதியிலேயே கோடு முழுசாக இருந்தால் காற்று அதிகம்: அட்டவணை எண்ணுக்கு மேலே இருக்கும்வரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். பொதுச் சாலையில் அட்டவணைக்குக் கீழே போகவே கூடாது. ஒரு தடவையில் ஒரு அச்சை மட்டும் மாற்றி, நாள், எண், உணர்வு மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

*மழையில் மட்டும் பின்பக்கம் வழுக்கினால்:* இரண்டு டயர் மட்டும் மாற்றி, புதியவற்றை முன்னால் போட்டிருக்கிறீர்களா? நான்கும் ஒரே அளவு என்றால் புதியவை பின்னால் போக வேண்டும். முன்பின் அளவு வேறான கார்களில் இது முடியாது. தேய்ந்த பின்டயர்களை மாற்றுவதுதான் வழி. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழைக்காலத்தில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். குறைந்த காற்றில் டயர் நீரின் மேல் மிதப்பது இன்னும் எளிதாகும்.

அறிகுறி 5: வாரத்துக்கு இரண்டு மூன்று இறங்குகிறது

மாதத்துக்கு ஒன்று இறங்குவது இயல்பு. வாரத்துக்கு இரண்டு என்றால் கசிவு. சோப்பு நீரை முதலில் வால்வு முனையில் விடுங்கள். குமிழ் வந்தால் வால்வு உள்ளூசியை இறுக்கவோ மாற்றவோ வேண்டும், சில்லறைச் செலவு. அடுத்து தரைபடும் பரப்பு முழுவதும் ஆணி தேடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால், உங்கள் வீடு கடலுக்கு எவ்வளவு அருகில் என்று கேட்பேன். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கமிருந்து வரும் அலாய்களில் ஒரு தனிக் குறை உண்டு. அப்படி வந்த ஒரு காரில், பின்சக்கரத்தைத் தொட்டியில் அமிழ்த்தியபோது பெரிய குமிழ் எதுவும் வரவில்லை; ரிம்மும் டயரும் சேரும் கோட்டில், கைப்பிடி அகலத்துக்கு, பால் நுரைபோல மிக நுண்ணிய குமிழ்கள் மட்டும் கோத்துக்கொண்டு நின்றன. டயரைக் கழற்றிப் பார்த்தால், விளிம்பு உட்காரும் இடத்தில் பெயின்ட் கொப்பளித்து, அடியில் அலுமினியம் வெண்பொடியாக உதிர்ந்தது. பழைய டயர் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் அழுந்திக் கசிவை அடைத்திருந்தது. புது டயர் போட்டதும் வழி திறந்துவிட்டது. கம்பித் தூரிகையால் பொடியைச் சுரண்டி, நுண்ணிய உப்புத்தாள் தேய்த்து, பூச்சு கொடுத்து மறுபடி ஏற்றினால் போதும். டயர் மாற்றும்போதே இதைச் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய சக்கரத்தை நீங்களே விரலால் தடவிப் பாருங்கள்.

*ரிம்மின் உட்புற விளிம்பில் முடி போன்ற கோடும் அங்கே குமிழும் தெரிந்தால்:* விரிசல். அந்த ரிம்மை வெல்டிங் செய்து இந்தக் கார்களில் ஓட்டுவதற்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. வேறு ரிம் வாங்க வேண்டும்.

அறிகுறி 6: காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு அணையவில்லை

அளந்து சரியாக அடித்தபின், மெனுவில் மீட்டமைப்பு இருக்கிறதா என்று காரின் கையேட்டில் பாருங்கள்; பல கார்களில் புதிய டயரையும் புதிய அழுத்தத்தையும் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சூடான டயரில் மீட்டமைத்தால் மறுநாள் காலை விளக்கு மறுபடி எரியக்கூடும். ஒரு சக்கரத்தின் எண் மட்டும் திரையில் வராவிட்டால், அதற்குள் இருக்கும் சென்சார் கழற்றும்போது உடைந்திருக்கலாம், அல்லது அதன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சென்சாரைக் காருடன் பதிவுசெய்யும் கருவி எல்லாப் பட்டறையிலும் இராது; கேட்டுவிட்டுப் போங்கள்.

அறிகுறி 7: ஓடியதும் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறுகிறது

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரை நான்கு வழிச் சாலையில் ஓட்டிவிட்டு நின்றவுடன் அளந்தால், காலை எண்ணைவிட 3 முதல் 5 வரை கூடியிருப்பது நல்ல அறிகுறி. 7, 8 கூடினால், காலையில் வைத்த எண் குறைவு. டயர் அதிகம் மடிந்து சூடேறுகிறது. சூட்டில் கூடியதை இறக்கிவிடுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. மறுநாள் காலை 2 ஏற்றிவிட்டு, அதே பயணத்தில் மறுபடி பாருங்கள். ஒன்றுகூட ஏறாவிட்டால் காற்று அதிகமாக இருக்கலாம். ஒரே சக்கரம் மட்டும் அதிகம் ஏறினால் முன்பு சொன்ன பிரேக்கைப் பாருங்கள்.

அறிகுறி 8: நடுவில் அல்லது ஓரங்களில் தேய்கிறது

இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் மூன்று இடங்களில் ஆழம் அளங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சமமாகத் தேய்ந்தால் குறைவு. உள்ளோரம் மட்டும் தேய்ந்தால் காற்றைத் தொடாதீர்கள், அது அலைன்மென்ட். இந்தக் கார்களின் பின்சக்கரங்கள் உள்பக்கம் சற்றுச் சாய்ந்தே வரும் என்பதால், ஓரளவு உள்ளோரத் தேய்மானம் வடிவமைப்பிலேயே உண்டு. ஆனால் கையால் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுக்கலாகவும் மறுதிசையில் ரம்பப் பல்போலச் சுரசுரப்பாகவும் இருந்தால், தாமதிக்காமல் நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யுங்கள். முன்சக்கரம் மட்டும் பார்க்கும் இயந்திரம் இதற்குப் போதாது.

அறிகுறி 9: அதிர்கிறது, அல்லது 'தட் தட்' என்கிறது

80, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் அதிர்ந்தால் பேலன்சிங். காற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் 'தட் தட்' என்று கேட்டுப் பிறகு அடங்கினால், நின்று நின்று டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு மாதம் ஊருக்கு வருபவர்களின் கார்களில் இதை நிறையப் பார்க்கிறேன். கிளம்பும் நாளில் 4, 5 கூடுதலாக அடித்துவிட்டு, மாதம் ஒருமுறை காரைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வந்ததும் அட்டவணை எண்ணுக்கு இறக்குங்கள். புதிதாக வாங்கும் டயரும் கடையில் நெடுநாள் கிடந்ததா என்று அறிய, பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரம் செய்தது.

ஓட்டம் முழுவதும் 'தட் தட்' அடங்காமல் இருந்தால், காரைத் தூக்கிப் பக்கவாட்டின் இருபுறத்தையும், முக்கியமாகக் கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தை, கையால் தடவிப் பாருங்கள். பள்ளத்தில் விழுந்து உள்நூல் அறுந்த இடத்தில் எலுமிச்சங்காய்போல ஒரு வீக்கம் இருக்கும். அது இருந்தால் காற்றைக் குறைத்தும் ஓட்டக் கூடாது, பட்டறை வரையிலும் ஓட்டக் கூடாது. அந்தச் சக்கரத்தைக் கழற்றி வேறு வண்டியில் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் காரை ஏற்றிவர வண்டி அழையுங்கள்.